இடது கம்பத்தருகே

டிசம்பர் 3, செவ்வாய்

மைனஸ் 14. இந்தக் கொப்பியை மகள் லக்சிகா மொன்றியலில் வாங்கித் தந்தவள். "தமிழில கதைக்க ஆளில்லாத இடத்துக்குப் போறியள், இதிலயாவது கதையுங்கோ" என்றாள். ஐந்து மாதமாக லாச்சிக்குள் கிடந்தது. இன்று நடந்ததை எங்காவது சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது என்பதால் எடுத்தேன்.

காலையில் கடை திறந்ததும் மூன்று ஆண்கள் வந்தார்கள். உள்ளே வரவில்லை. கடையின் பக்கச் சுவரில் இருக்கிற தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி பத்து நிமிடம் நின்றார்கள். சேன் அந்தீம் என்ற இந்த ஊரில் மொத்தம் நானூறு பேர், எல்லோரும் பிரெஞ்சு, ஒரே ஒரு கடை. அந்தக் கடை என்னுடையது. சாமான் வாங்க வந்தவர்கள் ஏன் குழாயைப் பார்க்க வேண்டும்? கதவைத் திறந்து என்ன என்று கேட்டேன்.

நடுவில் நின்றவர் கிலேன். றோட்டில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவர், அறுபது வயதிருக்கும், ஊர் ஹொக்கி அணியின் தலைவரும் அவர்தான். என் பெயர் பவளராணி. அவர்கள் வாய்க்கு அது நுழையாமல் பாவா ஆகிவிட்டது.

"எப்ப தொடங்கப் போறியள், மதாம் பாவா?"

"எதை?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஐஸைத்தான்" என்றார் கிலேன்.

(அவர்கள் பேசியது பிரெஞ்சு. என் காதுக்குள் வரும்போது அது என் ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

கடைக்கு எதிரே பலகை வேலி போட்ட ஒரு வெறும் நிலம் உண்டு. நான் இவ்வளவு நாளும் அதை மாட்டுப் பட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அது ஹொக்கித் தளமாம். பனிக்காலத்தில் அதற்குத் தண்ணீர் விட்டு ஐஸ் ஆக்குவது கடைக்காரர் வேலையாம், ஏனென்றால் குழாய் கடைச் சுவரில் இருக்கிறது. எனக்கு முன் இந்தக் கடையை வைத்திருந்த ரொஸேர் நாற்பத்தொரு வருடம் அதைச் செய்தவராம். அவர் போன ஏப்ரலில் செத்துப்போனார். கடையை எனக்கு விற்ற அவருடைய மகள் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள், எலியைப் பற்றிச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"தண்ணி ஈரமெண்டு ஆரும் ஆருக்கும் சொல்லுறதே?"

"நான் கடையை எல்லோ வாங்கினனான், ஐஸை வாங்கேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான், மதாம்" என்றார். கோபமே இல்லை. பெப்ரவரி 15 அன்று ஆற்றுக்கு அக்கரை ஊரோடு போட்டி. அவருடைய அப்பப்பா காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறவில்லையாம். தவறினால் முதல் தடவையாக என் காலத்தில்தான் தவறும் என்பதை வாயால் சொல்லவில்லை.

போகும்போது பின்கதவடியில் இருந்த ஆண்கள் பூட்ஸைக் கண்டார். "உங்கட மனிசன்ரயோ? எப்ப வாறார்?"

"வேலை முடிய" என்றேன்.

பின்னேரம் லக்சிகா தொலைபேசி எடுத்தாள். கலியாணம் வைகாசிக் கடைசியில். கார்ட் அடிப்பவர் மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறாராம். அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று பெப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். திரு. என்பதா, அமரர் என்பதா. கடையில் ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். ஆள் வரவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

மைனஸ் 19. மாப்பிள்ளை வீட்டு மாமி, "அம்மா பொட்டு வைக்கிறவவோ?" என்று லக்சிகாவிடம் கேட்டாவாம். மணவறையில் ஆரத்தி எடுக்கிறது ஆர் என்று தெரிய வேண்டுமாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

தண்ணீர் விட்டேன். ஊரே யன்னலால் பார்த்தது. பார்க்கட்டும். கண்டாவளையில் ஆறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்தவள் நான். நிலத்தில் தண்ணீர் நிற்க வைப்பதற்கு எனக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டாம். பலகையைச் சுற்றிப் பனியை மிதித்து வரப்புக் கட்டினேன். ஹோஸை நடுவில் போட்டு முழுவதுமாகத் திறந்துவிட்டேன். காலையிலிருந்து பின்னேரம் வரை ஓடியது. கணுக்கால் அளவு நின்றது. அழகாக நின்றது.

என் பூட்ஸ் நனைந்து இறுகிவிட்டது. பின்கதவுப் பூட்ஸை இரண்டு சோடி காலுறையோடு போட்டேன். எட்டாம் அளவு, என் மனிசனுக்கென்று நான் வாங்கி வைத்தது. பாவிக்காமல் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும்.

டிசம்பர் 10, செவ்வாய்

மானம் போச்சு.

மேலே கண்ணாடிபோல இறுகியிருந்தது. கிலேன் காலை வைத்தார். தோசை முறுகி உடைவது போல ஒரு சத்தம், முழங்கால் வரை உள்ளே போய்விட்டார். மேலே இரண்டு விரல் ஐஸ், அதற்குக் கீழே வெறும் காற்று, அதற்குக் கீழே தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கிலேன் சிரித்தார், அதன்பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் நானும் சிரித்தேன். அவருக்குக் காய்ந்த காலுறை கொடுத்து, கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

பின்னேரம் சுடுதண்ணீர்த் தாங்கியின் பின்னால் ஆணியில் ஒரு கொப்பி தொங்கியதைக் கண்டேன். ரொஸேரின் எழுத்து. நாற்பத்தொரு பனிக்காலம். தேதி, குளிர், காற்று, எத்தனை தடவை தண்ணீர் விட்டார் என்பது மட்டும். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. முதலில் பனியை மிதித்து இறுக்க வேண்டும். அதன்மேல் தண்ணீரைத் தெளிக்க மட்டும் வேண்டும், தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் அளவு. அது இறுகின பிறகுதான் அடுத்தது. ஒரு நாளைக்கு மூன்று, நாலு. மொத்தம் நாற்பதுக்கு மேல். நான் ஒரு நாளில் கட்டி முடிக்கப் பார்த்ததை அந்த மனிதன் நாற்பது தடவையாகக் கட்டியிருக்கிறார்.

முதல் நாலு வருடம் தவிர, ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முந்திய வாரத்தில் ஒரே மாதிரி ஒரு குறிப்பு. "கொலெத்திடம் கேட்டேன். இல்லை என்றாள். இடது கம்பத்தருகே: விட்டேன்." பக்கத்தில் நாலு கோட்டில் ஒரு சின்னச் சட்டம் கீறியிருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. விளங்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

மைனஸ் 24. பதினேழாவது தடவை.

இதை எழுதாமல் விட முடியாது. காலை ஆறரைக்கு வானம் வெளுக்கிற நேரம் ஹோஸோடு நிற்கிறேன். தண்ணீர் ஐஸில் விழுந்ததும் புகை எழும்பி என் இடுப்பளவு நிற்கிறது. பிறகு புகை அடங்க, தண்ணீர் அசைவதை நிறுத்துகிற அந்த நொடி கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ஓரத்திலிருந்து மங்கல் ஒன்று ஓடிவந்து முழுவதையும் மூடுகிறது. அதன்பின் உள்ளேயிருந்து ஒரு சத்தம், நீளமாக, ஆழமாக, கோயில் மணி ஓய்ந்த பிறகு காதில் மிஞ்சுகிற மாதிரி. முதல் தடவை பயந்து பின்னால் போனேன். இன்று ஹோஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

ஐம்பத்துநாலு வயதில் எனக்கு வியப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 25, புதன்

கடை பூட்டு. லக்சிகாவோடு தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் சண்டை.

"அம்மா, இலங்கை அரசாங்கமே மரணச் சேர்டிபிக்கட் தாறன் எண்டுது. எல்லாரும் எடுத்திட்டினம். அமரர் எண்டு போட்டாத்தான் ஆக்கள் கேள்வி கேக்காயினம்."

"திரு. எண்டு போடு."

"திரு. எண்டு போட்டா, ஆள் எங்க எண்டு மண்டபத்தில கேப்பினம். நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் அதுக்குப் பயந்துதானே அங்க போய் இருக்கிறியள்?"

நான் இங்கே வந்தது கடை மலிவாக வந்ததால். அதை அவளுக்குச் சொன்னேன்.

யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் அவளுக்குப் பதினொரு வயது. காய்ச்சல், என் மடியில் படுத்திருந்தாள், பார்க்கவில்லை. பார்த்தது நான். வட்டுவாகல் பாலத்துக்கு இங்காலே இராணுவம் பேருந்தில் ஏறச் சொன்னது, இவர் ஏறினார். இடது பக்க யன்னல். தண்ணீர்ப் போத்தலை இறக்கி என் கையில் தந்தார், பிள்ளைக்குக் கொடு என்று. "வாறன்" என்றார். போறன் என்று சொல்லவில்லை. ஏறியவரைக் கண்ட எனக்கு, இல்லை என்று எழுதித் தருகிற கடதாசியை யார் தர முடியும்?

ஜனவரி 6, திங்கள்

மைனஸ் 21. நாற்பத்திரண்டாவது தடவையோடு ஐஸ் முடிந்தது. கிலேன் வந்து குந்தியிருந்து கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தடவினார். "ரொஸேர்ர ஐஸ்" என்றார். எனக்குப் பட்டம் தந்தது போல இருந்தது.

சனிக்கிழமைகளில் கடையில் வானொலி வைக்கிறேன், மொன்றியல் அணியின் ஆட்டத்துக்கு. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் பதினொரு பேர். வானொலியைச் சுற்றி நிற்கிறவர்கள் நாற்பது. பால் ஒரு போத்தல் வாங்க வந்தவர் ஆட்டம் முடியும்வரை போத்தலைக் கையில் பிடித்தபடி நிற்பார். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று இன்று கிலேனிடம் கேட்டேன்.

"என்ர அப்பா கடதாசி ஆலையில வேலை" என்றார். "மேலாள் எல்லாம் இங்கிலிசுக்காரர். ஆலைக்குள்ள எங்கட மொழியில கதைச்சா ஏச்சு. ஆனா ஆலைக்கு ஒரு ஹொக்கி அணி இருந்தது. ஐஸில இறங்கினா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. ஒரு மணித்தியாலம் பிரெஞ்சில கத்தலாம். அப்பா வீட்டில வாய் திறக்காத மனிசன். ஐஸில அவர் கத்தினது அக்கரைக்குக் கேக்கும்."

எனக்கு விளங்கியது. வெகு நன்றாக விளங்கியது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பால் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று பெயர். ரொஸேர் பிலோதோ. ழெர்மேன் கோத்தே, போட்டியில் ஐம்பது வருடம் சுடு சொக்லேட் ஊற்றியவ. ஆந்திரே ஃபோர்தேன், கிலேனின் தம்பி. அந்த வருடம் ஊரில் செத்தவர்களின் பெயரைப் போட்டிக்கு முன் ஐஸில் நீல மையால் எழுதி, அதன்மேல் தண்ணீர் விட்டு மூடுவார்களாம். அதன்மேல்தான் விளையாட்டு. சித்திரையில் உருகி ஆற்றுக்குப் போய்விடும்.

"எழுதிறது ஆர்?"

"தண்ணி விடுறவர்தான்."

இடது கம்பத்தைப் பற்றிக் கேட்டேன். கிலேன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். கொலெத்தின் மனிசன் ஃபெர்னான் ஊர் அணியின் கோல்காவலர். ஆட்டம் தொடங்கமுன் ஹொக்கித் தடியால் கோலின் இடது கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாராம். முப்பத்தேழு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில் ஏரிக்கு மீன்பிடிக்கப் போனார். படகு வந்தது. அவர் வரவில்லை. பெயர் எழுதக் கொலெத் விடவில்லை. அதனால் அவருடைய கம்பத்தடியில் ஒரு சட்டம் மட்டும் கீறி, உள்ளே வெறுமையாக விடுவார்கள். வருடத்துக்கு ஒருக்கால் கேட்பதும் தண்ணீர் விடுகிறவர் வேலைதானாம்.

"நான் கேக்கமாட்டன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கிலேன் என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு ஆரும் இருக்கினமோ, மதாம் பாவா? இந்த ஊரில கடை வைச்சிருக்கிற ஆள். உங்கட ஆக்களையும் எழுதலாம்."

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

ஜனவரி 18, சனி

பிளஸ் 5. மழை. ஜனவரியில் மழை! என் நாற்பத்திரண்டும் குளமாக நிற்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

பிளஸ் 3. நடுவில் புல் தெரிகிறது. போட்டிக்கு இருபத்தேழு நாள். சமைக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

மைனஸ் 16, கடவுளே. காலையில் வெளியே வந்தால் அழைக்காமலே பதினெட்டுப் பேர் பனி அள்ளும் சவளோடு நிற்கிறார்கள். சேற்றுப் பனியை வழித்து, புதுப்பனி அள்ளிப் போட்டு, வரிசையாகக் கைகோத்து மிதித்தார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, மழையையும் திட்டவில்லை. கொலெத்தும் வந்திருந்தா. எழுபது வயது, முன்பு தபால் கந்தோரில் இருந்தவ, மெலிந்த உயரமான மனிசி. தினம் என்னிடம் ஒரு பத்திரிகையும் பூனைக்கு ஒரு மீன் டின்னும் வாங்குவா, காலநிலையைத் தவிர வேறொன்றும் பேசமாட்டா. இடது கம்பத்தடியை அவவே மிதித்தா. மற்றவர்கள் அந்த மூலையை அவவுக்கு விட்டுவிட்டு விலகி நடந்ததைக் கவனித்தேன்.

முதலாவதிலிருந்து மறுபடி.

பெப்ரவரி 4, செவ்வாய்

மைனஸ் 23. இருபத்தொன்பது. விரல் நுனி இரண்டு வெள்ளையாகிவிட்டது, கடுகெண்ணெய் தடவினேன். கொலெத் பத்திரிகை வாங்கினா. கேட்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

கேட்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

கேட்டேன்.

எனக்கு இந்தக் கேள்வியோடு பழைய பகை. மொன்றியல் கோயிலில் செருப்புப் போடுகிற இடத்தில் வைத்துக்கூடப் பெண்கள் என் நெற்றியைப் பார்த்துப் பேசுவார்கள். "அக்கா, இனியும் ஏன்?" என்பார்கள். அதே கேள்வியை நான் இன்னொருத்தியிடம் கேட்பதென்றால் நாக்கு எழும்பவில்லை. கொலெத் மீன் டின்னை மேசையில் வைத்தா. கடையில் வேறு ஆளில்லை.

"மதாம் கொலெத், இந்த வருசம்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

"முழுசாக் கேளுங்கோ. ரொஸேர் முழுசாத்தான் கேப்பான்."

"இந்த வருசம் ஃபெர்னான்ர பேரை எழுதட்டோ?"

"இல்லை."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான். கொலெத் மூச்சு விட்டா, நானும் விட்டேன். பிறகு ஒரு பெரிய வேலையை முடித்த ஆள் மாதிரி மேசையில் கையூன்றி நின்றா.

"பாதிரியார் ரெண்டு பேர் எனக்குச் சொன்னவை, ஃபெர்னான் போயிட்டான் எண்டு. என்ர தங்கச்சி சொன்னவள். டொக்டர் சொன்னவர். எல்லாரும் சொன்னவை. கேட்டது ரொஸேர் மட்டும்தான். நான் இல்லை எண்டா, சரி எண்டுவான். அடுத்த வருசம் திரும்பவும் கேப்பான், முதல் தடவை மாதிரியே." சிரித்தா. "ஒவ்வொரு வசந்தத்திலயும் ஃபெர்னானுக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுக்கிறனான். இந்தக் கடையிலதான். நீங்கள் எழுதித் தருவியளோ?"

"எழுதித் தாறன்" என்றேன். நானும் சிரித்தேன்.

அவவின் கண் பின்கதவுக்குப் போனது. பூட்ஸில் உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது. பிறகு என் நெற்றிக்கு வந்தது.

"அது ஆரின்ர பூட்ஸ்?"

"என்ர மனிசன்ர."

"பேர் என்ன?"

கந்தோர்களில் எத்தனையோ தடவை சொன்ன பெயர். காணாமல் போனோர் ஆணைக்குழு, செஞ்சிலுவை, குடிவரவு, எல்லா இடத்திலும் எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிசிக்கு, இப்படி, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னதில்லை. சொன்னேன். கொலெத் அதைத் திருப்பிச் சொன்னா. மெதுவாக, ஓரளவு சரியாக.

"இந்த வருசம் அவரின்ர பேரை எழுதுவமோ, மதாம் பாவா?"

"இல்லை."

"சரி" என்றா. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்கு நடுவில், சோப்பு அடுக்கிய இறாக்கைக்கு முன்னால், நிலத்தில் இருந்து அழுதேன். பதினைந்து வருடம் ஒன்பது மாதம். எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

பெப்ரவரி 12, புதன்

மைனஸ் 20, காற்று இல்லை. பெயர் எழுதினேன். நாற்று வரிசைக்குப் பிடிக்கிற மாதிரிக் கயிறு பிடித்து, முழங்காலில் இருந்து, ஒரு எழுத்து ஒரு முழ உயரம். ரொஸேருக்கு நடுக்கோட்டடியில் இடம் கொடுத்தேன். நாற்பத்தொரு வருடம் ஊருக்குப் பெயர் எழுதியவருக்கு இன்றைக்கு ஒரு வன்னிக்காரி எழுதினாள். கோணாமல் எழுதினேன்.

பிறகு இடது கம்பத்தடிக்குப் போய்க் கொலெத்தின் சட்டத்தைக் கீறினேன். மை மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில், அதே அளவில், இன்னொன்று கீறினேன்.

மேலே தண்ணீர் தெளித்தேன். மூன்று தடவை. இன்னும் மூன்று இருக்கிறது.

பெப்ரவரி 15, சனி

மைனஸ் 18, நீல வானம். வந்ததும் எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முன்பே இரண்டு ஊரும் பலகையைச் சுற்றி நின்றது. அக்கரைக்காரர் ஆற்றின் மேலேயே நடந்து வந்தார்கள், குழந்தைகளைச் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு. அறுநூறு பேர் இருக்கும். இவ்வளவு சத்தம் போடுகிற மனிதர்களை நான் திருவிழாவில்தான் கண்டிருக்கிறேன்.

கிலேன் முதலில் இறங்கினார். வழமைப்படி தனியாக ஒரு சுற்று, ஐஸைப் பார்க்க. இடது கம்பத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். ஒன்று அல்ல, இரண்டு சட்டம். தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் கடை வாசலில், அந்தப் பூட்ஸோடு நின்றேன். எனக்கு ஓடி ஒளிக்க வேண்டும் போல இருந்தது. அவர்களுடைய ஐஸ், அவர்களுடைய செத்தவர்கள், கேளாமல் கீறிவிட்டேனே. கிலேன் பலகைவரை வந்தார்.

"மற்றது?"

"என்னுடையது" என்றேன்.

தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவுக்குப் போனார்.

இரண்டு அணியும் கோட்டில் நின்றது. கிலேன் பெயர் வாசித்தார். "ரொஸேர் பிலோதோ." நாற்பது பேரும் தடியால் ஐஸைத் தட்டினார்கள். டக், டக், டக். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. "ழெர்மேன் கோத்தே." தட்டினார்கள். தம்பியின் பெயரைச் சொல்லும்போது கிலேனின் குரல் உடைந்தது, அக்கரை அணித் தலைவர் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். தட்டினார்கள்.

பிறகு கிலேன் இடது கம்பத்தைப் பார்த்துத் திரும்பினார். வாய் திறக்கவில்லை. ஒரு பெயர் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் சும்மா நின்றார். அறுநூறு பேரும் சும்மா நின்றார்கள். பலகையில் கொடி அடிக்கிற சத்தம் மட்டும். பிறகு தடிகள் தட்டின.

போட்டி தொடங்கும் என்று அக்கரைப் பையன்கள் சிலர் அசைந்தார்கள். கிலேன் கையை உயர்த்தினார். அவர்கள் நின்றார்கள். அவர் திரும்பவும் அதே மாதிரி, அதே நேரம், சும்மா நின்றார். முதலாவதைவிடக் கொஞ்சம் கூட நேரம் நின்றார் என்று நினைக்கிறேன், எங்கள் பெயர்கள் நீளம் என்பது அவருக்குத் தெரியும். கொலெத் கூட்டத்துக்குள்ளால் வந்து என் பக்கத்தில் நின்றா. உதடு மட்டும் அசைந்தது. அவவுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் தெரியும்.

தட்டினார்கள். இவரைக் கண்டிராத, இவர் ஊர் எங்கே என்று தெரியாத, பனியில் பிறந்து வளர்ந்த நாற்பது ஆண்கள், இவருக்காகத் தட்டினார்கள். அந்தச் சத்தம் ஐஸுக்குள்ளால் ஓடி, பலகைக்குள்ளால், நிலத்துக்குள்ளால், எட்டாம் அளவுப் பூட்ஸுக்குள்ளால் என் காலுக்கு வந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை நான் என் சீவியத்தில் கண்டதில்லை.

நாலுக்கு மூன்று, எங்கள் ஊர் வென்றது. நானும் கத்தினேன். தமிழில் கத்தினேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

லக்சிகாவுக்கு நானே எடுத்தேன். வழக்கம்போல அவள் தொடங்கமுன், "பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். நீ என்ன நினைக்கிறாய், அப்பாவைப் பற்றி?" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதம்மா" என்றாள். குரல் பதினொரு வயசுக் குரல். "எனக்கு எண்டைக்குமே தெரியாது. நீங்கள் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை."

நான் அவளுக்கும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். வருவார், வருவார் என்று.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு சொன்னேன்: "திரு.வும் வேண்டாம், அமரரும் வேண்டாம். பேருக்கு முன்னால ஒண்டும் போடாத. ஆனா இடம் விடு. நான் பொட்டோடதான் வருவன். ஆரத்தியை அந்த மாமி எடுக்கட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை."

"சரி அம்மா" என்றாள்.

பெப்ரவரி 25, செவ்வாய்

கார்ட் அடிக்கிற தம்பி மொன்றியலில் இருந்து எடுத்தார். நல்ல பிள்ளை, கவனமான வேலைக்காரர்.

"அக்கா, அச்சுக்குப் போகமுன் ஒருக்கா கேப்பம் எண்டு எடுத்தனான். அண்ணையின்ர பேருக்கு முன்னால ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு. விடுபட்டுப்போச்சோ? என்ன போட?"

"விடுபடேல்லை, தம்பி" என்றேன். "விட்டது."

மைனஸ் 11. காற்று இல்லை. பத்து மணிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டேன்.